இப்னு சீனா: மருத்துவர் தேடிய மறுமை

படிவம் நான்கில் வரலாற்றுப் பாடம் படித்தவர்களுக்கு இப்னு சீனா என்ற பெயர் புதிதன்று. இஸ்லாமிய நாகரிகம், மருத்துவத் துறை என்று வரும் இடத்தில் அவர் பெயரையும் ‘அல்-கானூன்’ என்ற நூலின் பெயரையும் சேர்த்து மனனம் செய்தோம். தேர்வு முடிந்ததும் மறந்தோம். அந்த மருத்துவர் இறப்புக்குப் பின் உயிர் என்னவாகும் என்று வாழ்நாளெல்லாம் எண்ணியவர் என்பதை, பல்கலைக்கழக நூலகத்தில் வேறெதையோ தேடப் போய்த்தான் அறிந்துகொண்டேன்.

கி.பி. 980ஆம் ஆண்டளவில், இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள புகாரா நகருக்கு அருகே அஃப்ஷனா என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை சாமானிய மன்னர்களிடம் அதிகாரியாக இருந்தவர். பத்து வயதுக்குள் திருக்குர்ஆனைக் கற்றுத் தேர்ந்த சிறுவனை, இந்தியக் கணக்கு முறையைக் கற்றுவர ஒரு காய்கறி வியாபாரியிடம் அனுப்பினார் தந்தை! இஸ்மாயிலியக் கொள்கையில் ஈடுபாடு கொண்டிருந்த தந்தையும் சகோதரரும் வீட்டில் ஆன்மாவைப் பற்றியும் அறிவைப் பற்றியும் அடிக்கடி உரையாடுவார்கள். சிறுவனும் கேட்டுக்கொண்டிருப்பான், அவர்கள் சொல்வது புரியும், மனம் மட்டும் ஏற்காது. பின்னாளில் தம் மாணவர் ஜூஸ்ஜானியிடம் தம் இளமையைச் சொன்னபோது இதையும் மறக்காமல் சொல்லியிருக்கிறார்.

பதினாறு வயதுக்குள் மருத்துவம் கைவந்துவிட்டது. கைவராதது அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருளியல்தான். அந்நூலை 40 முறை படித்தார். மனப்பாடமே ஆகிவிட்டது, பொருள் மட்டும் பிடிபடவில்லை. (விரிவுரைக் குறிப்பை இரண்டாம் முறை புரட்டவே சோம்பல்படும் நம்மைப் போன்றவர்கள் இங்குச் சற்று நின்று போகலாம்.) ஒருநாள் புத்தகக் கடைத்தெருவில் ஒருவர் ஒரு நூலை வாங்கும்படி வற்புறுத்தினார். வேண்டாம் என்று மறுத்தவர், உரியவருக்குப் பணமுடை என்று கேட்டு மூன்று திர்ஹத்துக்கு வாங்கினார். அது அந்நூலின் நோக்கத்தை விளக்கி அல்-ஃபாராபி எழுதியது. வீட்டுக்குப் போய்ப் படித்தார், முடிச்சு அவிழ்ந்தது. மறுநாள் ஏழைகளுக்குத் தாராளமாகத் தருமம் செய்தாராம்.

அந்நாளில் இரவெல்லாம் படிப்பு. கண்ணயர்ந்தால் அதே கேள்விகள் கனவிலும் தொடரும். பலவற்றுக்குக் கனவிலேயே விடை தெளிந்ததும் உண்டு. இந்தக் கனவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

புகாரா மன்னரின் நோய்க்கு மருத்துவம் பார்க்கப் போனதால் அரண்மனை நூலகம் அவருக்குத் திறந்தது. ஆனால் 999இல் சாமானியர் ஆட்சி கவிழ்ந்தது, தந்தையும் மறைந்தார். அதன்பின் ஊர் ஊராக அலைந்தார். ஜூர்ஜானில்தான் ஜூஸ்ஜானி அவரை வந்தடைந்தார், கடைசிவரை பிரியவில்லை. ஹமதானில் அமீர் ஷம்சுத் தௌலாவின் சூலை நோயைத் தீர்த்ததால் அமைச்சர் பதவி கிடைத்தது. படைவீரர்கள் கலகம் செய்து, வீட்டைச் சூறையாடி, அவர் தலையைக் கேட்டார்கள். 40 நாள் ஒரு வீட்டில் ஒளிந்திருந்தார். அமீருக்கு மறுபடியும் சூலை வந்தது, மறுபடியும் அமைச்சரானார்! பகலில் அரசு வேலை. இரவில் மாணவர்கள் கூடுவார்கள். ‘அஷ்-ஷிஃபா’ என்னும் பெருநூல் அப்படித்தான் வளர்ந்தது.

அந்நூலின் ஆன்மா பற்றிய பகுதியில் நம்மை ஒன்றைக் கற்பனை செய்யச் சொல்கிறார். ஒரு மனிதன் முழு வளர்ச்சியோடு திடீரென வெட்டவெளியில் படைக்கப்படுகிறான். கண் மூடியிருக்கிறது. கைகால்கள் ஒன்றையொன்று தொடவில்லை. காற்றுக்கூட மேனியில் உறைக்கவில்லை. தனக்கு உடல் இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஆயினும் தான் இருப்பது தெரியும் அல்லவா? அப்படியானால் ‘நான்’ என்பது உடலன்று என்கிறார்.

இந்த இடத்தில்தான் தத்துவ அறிஞரும் மருத்துவரும் மோதிக்கொள்கிறார்கள். உடல் அழிந்தாலும் அறிவுள்ள ஆன்மா அழியாது என்பது அவர் துணிபு. கற்பனையோ மூளையில் இருக்கிறது. மூளையின் முன்னறை, நடுவறை, பின்னறை என்று உருவங்களைக் காப்பதற்கும் சேர்ப்பதற்கும் நினைவுக்கும் இடம் குறித்தவர் அவர். மூளை அழிந்தால் கற்பனையும் போயிற்று. மெய்ப்பொருளை ஆராய்ந்தவர்களுக்குக் கவலையில்லை. அறிவின் இன்பம் அவர்களுக்குண்டு. மற்றவர்கள்? சோலையும் ஆறும் நெருப்புமாகவே மறுமையை எண்ணி வாழ்ந்த எளியவர்களின் கதி என்ன?

இதைப் படித்தபோது, சென்ற ஆண்டு தவறிப்போன என் பாட்டியைத்தான் நினைத்தேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்; கையெழுத்துப் போடத் தெரியாதவர். எங்கள் சமயம் வேறுதான். ஆனாலும் அறிஞர்களுக்கு மட்டும் திறக்கும் சுவர்க்கம் என்றால், பாட்டிக்காக எனக்குக் கோபம் வந்தது.

இப்னு சீனா அக்கதவை அடைத்துவிடவில்லை. சில அறிஞர்கள் சொன்னதாக ஒரு கருத்தை, அது உண்மையாக இருக்கக்கூடும் என்று எடுத்துவைக்கிறார். அத்தகைய ஆன்மாக்களுக்கு மூளைக்குப் பதிலாக வானுலகக் கோளங்களின் உடல் கருவியாகலாம். அதைக் கொண்டு, தாங்கள் நம்பியிருந்த மறுமையை அவர்கள் கற்பனையில் காண்பார்கள். கற்பனைதானே என்று தள்ளிவிடவும் முடியாது. கனவில் பாம்பைக் கண்டவன் நெஞ்சு படபடக்க உண்மைப் பாம்பு வேண்டியதில்லையே! புலன்களின் தொல்லை ஓய்ந்த பிறகு காண்பது கனவைவிடவும் வலிமையாக இருக்கும் என்கிறார்.

இது போதுமா? போதாது என்றார் இமாம் கஸ்ஸாலி. உடலோடு எழுப்பப்படுவதை வேதத்தின் வழி ஏற்பதாக ‘ஷிஃபா’வில் எழுதிய இப்னு சீனா, சிலருக்காக மட்டும் எழுதிய வேறொரு நூலில் அது பொருந்தாது என்று வாதிட்டிருந்தார். உடலின் உயிர்த்தெழுதலை மறுப்பது சமயத்தை மறுப்பதே என்று 1095இல் கஸ்ஸாலி தீர்ப்பளித்தார். 17ஆம் நூற்றாண்டில் ஷீராஸைச் சேர்ந்த முல்லா சத்ரா வேறு வழி கண்டார். கற்பனை மூளையைச் சேர்ந்ததே அன்று, அதுவும் அழியாதது, மறுமைக்குரிய உடலை ஆன்மா அதைக்கொண்டே உருவாக்கிக்கொள்கிறது என்றார். எனக்குப் பிடித்த விடை இதுதான். ஆயினும் மூளையை விட்டுக்கொடுக்காமல் தவித்த மருத்துவர் மீதுதான் எனக்கு மதிப்பு அதிகம்.

1021இல் அமீர் இறந்தார். இஸ்ஃபஹான் அரசரோடு இரகசியக் கடிதத் தொடர்பு வைத்ததாக இப்னு சீனாவை ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதம் அடைத்தார்கள். அங்கும் எழுதினார். பிறகு சூஃபி வேடத்தில் தப்பி இஸ்ஃபஹான் சேர்ந்தார். அரசர் அலாவுத் தௌலாவின் ஆதரவில் எஞ்சிய காலம் கழிந்தது.

மன்னரின் சூலையைத் தீர்த்தவரைச் சூலையே பிடித்தது. படையோடு சென்ற இடத்தில், பின்தங்கிவிடுவோமோ என்ற அச்சத்தில் ஒரே நாளில் எட்டு முறை குடல்கழுவும் மருத்துவம் செய்துகொண்டார், குடல் புண்ணாயிற்று. பணத்தைத் திருடியிருந்த வேலையாள்கள் மருந்தில் அபினை அளவுக்கு மீறிக் கலந்தார்கள் என்று ஜூஸ்ஜானி எழுதியிருக்கிறார். சற்றுத் தேறினார், 1037இல் ஹமதான் போகும் வழியில் நோய் திரும்பியது. உடலை இதுவரை நடத்திவந்தது இனி நடத்தாது, மருந்தால் பயனில்லை என்று சுற்றியிருந்தவர்களிடம் சொல்லி மருத்துவத்தை நிறுத்திக்கொண்டார். சில நாள்களில் உயிர் பிரிந்தது. ஹமதானிலேயே அடக்கம் செய்தார்கள்.