பறவை அறிஞர் சலீம் அலி

கோவை மாநகருக்கு வடமேற்கே 30 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில், தமிழகமும் கேரளமும் கூடும் மலைப்புறத்தில், ஆனைகட்டி என்னும் சிற்றூர் உள்ளது. அதனைக் கடந்தால் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. இருளர் குடிகள் வாழும் அப்பகுதியில் 1990ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பறவையியல் ஆய்வு நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. ஆராய்ச்சியோடு நில்லாது, பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஊர் மக்களுக்கும் காட்டையும் அதன் உயிர்களையும் அறிமுகம் செய்யும் நிகழ்ச்சிகளையும் அது நடத்துகிறது. அந்நிலையம் தாங்கி நிற்கும் பெயர் சலீம் அலி. பம்பாயில் பிறந்த ஒருவர் பெயர் நம் கொங்கு நாட்டு மலையடியில் விளங்குவதன் காரணத்தை நம் காலனிக் குடும்பங்கள் அறிதல் நலம் எனக் கருதி, அப்பெரியாரின் வரலாற்றை இம்மலரில் சுருங்க உரைக்கின்றோம்.

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பிறந்தார். உடன்பிறந்தாருள் இளையவர் அவரே. மழலை மாறுமுன்னரே தந்தையையும் தாயையும் இழந்து, மாமன் அமீருத்தீன் தயாப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். அக்காலச் சிறுவர் பலரையும் போல் விளையாட்டுத் துப்பாக்கியால் குருவி சுடுவதே அவருடைய பொழுதுபோக்கு. ஒருநாள் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் காணப்பட்டது. ஊர்க்குருவிக்கு அந்நிறம் இல்லையே என ஐயுற்ற சிறுவர், மாமனிடம் சென்று வினவினார். விடை அறியாத மாமன், வினவிய பிள்ளையை அதட்டி அனுப்பவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராயிருந்த மில்லர்டு என்னும் ஆங்கிலேயரிடம் அனுப்பி வைத்தார். அவரும் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு எனக் கூறியதோடு அமையாது, கழகத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். அன்று திறந்த கதவு பின்னர் ஒருபோதும் மூடவில்லை.

ஆயினும் அவர் நடந்த வழி மலர் தூவியதன்று. கல்லூரிப் படிப்பு இடையில் நின்றது. பர்மா சென்று குடும்பத் தொழிலைக் கவனித்தார், அதுவும் நிலைக்கவில்லை. 1918இல் தெஹ்மினா என்னும் நங்கையை மணந்தார். உயர்ந்த பட்டம் இன்மையால் அரசாங்க விலங்கியல் துறையில் விரும்பிய பதவி கிட்டவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் மக்களுக்கு விளக்கமுரைக்கும் பணியில் அமர்ந்தார். பின்னர்ப் பெர்லின் சென்று பேராசிரியர் ஸ்ட்ரெசமனிடம் பறவையியல் பயின்று 1930இல் மீண்டபொழுது, பழைய பணியிடமும் எடுபட்டிருந்தது.

வேலையற்ற அந்நாட்களைச் சலீம் அலி வீணே கழித்தாரல்லர். கடலோரச் சிற்றூராகிய கிஹிமில் தங்கி, மரத்தில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளை நாள்தோறும் உற்றுநோக்கினார். ஆண் குருவி கூட்டைப் பாதியளவு பின்னி நிறுத்தும்; பெண் குருவி வந்து பார்த்து இசைந்த பின்னரே அதனை நிறைவு செய்யும்; அதன் பின் வேறொரு கூடு தொடங்கி வேறொரு துணையைத் தேடும். நாம் கண்டும் காணாது விட்ட குருவியின் இல்வாழ்வை இவ்வாறு அவர் உலகுக்கு உணர்த்தினார்.

சுதேச சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியை, ஊதியம் வேண்டாது, செலவுக்குரிய பொருள் மட்டும் பெற்று ஏற்றார். 1933இல் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளுக்கு வந்தார். இன்றைய இடுக்கி மாவட்டத்து மறையூர், மூணாறு, குமுளி, பீர்மேடு ஆகிய இடங்களிலும், பாலக்காட்டுப் பக்கத்து நெம்மாறை, பரம்பிக்குளம் காட்டுக் குரியார்குட்டி ஆகிய இடங்களிலும் முகாமிட்டார். தெஹ்மினா அம்மையாரும் உடன் வந்து காட்டு வாழ்வின் இன்னல்களைப் பகிர்ந்துகொண்டார். அவ்வம்மையார் 1939இல் மறைந்தது அவருக்குப் பேரிழப்பாயிற்று. அக்கால முறைப்படி ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தார் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. எந்தக் கையால் சுட்டாரோ அந்தக் கையாலேயே பிற்காலத்தில் அவற்றின் காவலுக்கும் எழுதினார்.

1941இல் அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் வெளிவந்தது. டேராடூன் சிறையிலிருந்த நேரு அவர்கள் அதனைத் தம் மகள் இந்திராவுக்கு அனுப்பினார். அதன் பின்னரே இந்திரா அம்மையாருக்குப் பறவைகள்மீது நாட்டம் பிறந்தது. பல்லாண்டு கழிந்து, பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டம் எழுந்தபொழுது, அக்காட்டைக் காக்க வேண்டுமென வாதாடியோருள் சலீம் அலியும் ஒருவர். பிரதமராயிருந்த இந்திரா அம்மையார் காட்டின் பக்கம் நின்றார். திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. தந்தை மகளுக்கு அனுப்பிய ஒரு நூல் எத்துணைத் தொலைவு சென்றது என எண்ணி வியக்கின்றோம்.

அமெரிக்க அறிஞர் ரிப்ளியுடன் சேர்ந்து 10 தொகுதிகளாக அவர் இயற்றிய பறவைப் பெருநூல் 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண் விருதுகள் அவரை அடைந்தன. கெட்டி பரிசாகக் கிடைத்த பெருந்தொகையை இயற்கைப் பாதுகாப்புக்கே வழங்கினார். 1985இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். 1987 ஜூன் 20ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், இயற்கை எய்தினார்.

இவ்வரலாற்றால் நாம் பெறும் பாடம் யாது? அறிஞர் ஒருவர் தோன்றியது பட்டத்தாலன்று. ஒரு பிள்ளையின் கேள்வியை இரு பெரியோர் மதித்தமையால். தாயகம் விட்டு வந்த நம் பிள்ளைகளும் வினவாமலில்லை. சன்னலோரம் வந்தமரும் குருவியைக் காட்டி, அதன் பெயர் யாது என நம்மைக் கேட்கின்றனர். அலுவல் மிகுதியால் ஏதோ ஒரு குருவி என்று கூறி அனுப்பி விடுகின்றோம். கரிச்சான், செம்போத்து, தையல்சிட்டு, வாலாட்டி எனத் தமிழ் வைத்த பெயர்கள் நம் தலைமுறையோடு வாய் மறந்து போகுமாயின், அக்குறை நம்முடையதேயாகும்.

ஆதலின் ஒன்று வேண்டுகின்றோம். சலீம் அலி பிறந்த நவம்பர் 12ஆம் நாளை ஒட்டிய ஞாயிறு காலையில், காலனிப் பெரியோர் பிள்ளைகளை அருகிலுள்ள மரச்சோலைக்கோ ஏரிக்கரைக்கோ அழைத்துச் செல்க. கண்ட பறவைகளைக் குறிப்பேட்டில் எழுதச் செய்க. தமிழ்ப் பெயர் அறிந்த தாத்தா பாட்டியர் சொல்லிக் கொடுக்க. அறியாத பெயரை, அந்த மாமன் செய்தது போல், அறிந்தாரிடம் கேட்டறிக. விடுமுறையில் ஊர் செல்வோர், வாய்ப்பிருப்பின், ஆனைகட்டிக்கும் பிள்ளைகளை அழைத்துச் சென்று வருக. நம் சங்கத்துப் பிள்ளைகளுள் ஒருவரேனும் அக்கதவைத் திறந்து உள்ளே புகுவாராயின், இம்மலர் மலர்ந்த பயனை நாம் பெற்றோமாவோம்.