பேனாவை நம்பிப் பிழைத்தவர்

இணையதளங்களுக்கு உரை எழுதித் தருவது என் தொழில். மாதச் சம்பளம் தரும் நிறுவனம் எதிலும் நான் இல்லை. பல் மருத்துவமனையின் அறிமுகப் பக்கம், பட்டுச்சேலைக் கடையின் பண்டிகை அறிவிப்பு என்று கேட்பவர்களுக்குக் கேட்டதை எழுதுகிறேன். எதிலும் என் பெயர் இராது. இத்தொழிலின் முன்னோடி யார் என்று எண்ணும்போது என் நினைவுக்கு வருபவர் ஆங்கில அறிஞர் சாமுவேல் ஜான்சன். அகராதி தந்த மேதையாகவே உலகம் அவரை அறியும். ஆனால், 1737 முதல் 1762 வரை 25 ஆண்டுகள் அவர் கூலிக்கு எழுதிப் பிழைத்தவர்.

1709-இல் லிச்ஃபீல்ட் நகரில் ஒரு புத்தக வணிகரின் மகனாகப் பிறந்தார் ஜான்சன். ஆக்ஸ்போர்டில் சேர்ந்தவர், பணம் இல்லாததால் 13 மாதங்களில் பட்டம் பெறாமலே வெளியேறினார். திருமணத்துக்குப் பின் தொடங்கிய பள்ளியும் மாணவர் சேராமல் மூடப்பட்டது. 1737-இல், தம் மாணவரும் பின்னாளில் பெரும் நடிகராகப் புகழ்பெற்றவருமான டேவிட் காரிக்குடன் லண்டன் வந்து சேர்ந்தார்.

அங்கே எட்வர்ட் கேவ் நடத்திய ஜென்டில்மேன்ஸ் மேகசின் அவருக்குச் சோறு போட்டது. நாடாளுமன்ற விவாதங்களை வெளியிடத் தடை இருந்த காலம் அது. யாரோ கொண்டுவந்த குறிப்புகளைக் கொண்டு, கற்பனை நாடொன்றின் சபை நடவடிக்கை என்ற போர்வையில் அவ்விவாதங்களை எழுதித் தந்தார். பேச்சு தலைவர்களின் பெயரில் வந்தது. எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. தாமஸ் ஆஸ்போர்ன் என்ற புத்தக வணிகர் பெரிய நூலகம் ஒன்றை விலைக்கு வாங்கியபோது, அதன் நூற்பட்டியலைத் தயாரித்ததோடு, வாங்குவோரை ஈர்க்கும் அறிவிப்பையும் எழுதினார். இன்று நான் செய்வது ஏறத்தாழ இதே வேலைதான்.

1746-இல் லண்டன் புத்தக வணிகர்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து, ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுக்க அவருடன் ஒப்பந்தம் செய்தனர். கூலி 1,575 பவுண்டு. அக்காலத்தில் அது பெருந்தொகை. ஆனால், உதவியாளர் ஆறு பேரின் சம்பளமும் அதிலிருந்தே போகவேண்டும். மூன்று ஆண்டுகளில் முடியும் என எண்ணிய பணி ஒன்பது ஆண்டுகள் நீண்டது. மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்ட வேலையில், நீண்டுபோகும் ஒவ்வொரு மாதமும் எழுதுபவரின் கணக்கில்தான் எழுதப்படுகிறது. கூடுதல் வருவாய்க்காக 1750 முதல் இரண்டு ஆண்டுகள், வாரம் இருமுறை 'ராம்ப்ளர்' என்ற கட்டுரை இதழை நடத்தினார். வந்தவை 208 இதழ்கள். ஓர் இதழுக்கு இரண்டு கினி ஊதியம்.

அகராதி 1755-இல் வெளிவந்து புகழை அள்ளித் தந்தது. மறு ஆண்டே 5 பவுண்டு 18 ஷில்லிங் கடனுக்காக ஜான்சன் கைது செய்யப்பட்டார். நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் பணம் அனுப்பி அவரை மீட்டார். நாடே போற்றிய நூலின் ஆசிரியர் கையில் ஆறு பவுண்டு இல்லை.

1759 ஜனவரியில் அவருடைய தாய் இறந்தார். ஈமச்செலவுக்கும் சிறு கடன்களுக்கும் பணம் தேவைப்பட்டது. ஒரே வாரத்து மாலைப் பொழுதுகளில் 'ராசெலாஸ்' என்ற கதையை எழுதி 100 பவுண்டுக்கு விற்றார். அதே மாதத்தில்தான் விளம்பரக் கலையைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார். விளம்பரங்கள் பெருகிவிட்டதால் மக்கள் அவற்றைக் கவனமின்றிப் புரட்டிப் போகிறார்கள், ஆகவே வாக்குறுதிகள் மேலும் மேலும் ஊதிப் பெரிதாகின்றன என்று அதில் கண்டு சொன்னார். வாங்குவோரின் அச்சத்தையும் ஆசையையும் எந்த அளவு தூண்டலாம் என்ற அறக்கேள்வியையும் எழுப்பினார். இணையதளங்களுக்கு எழுதும் எவரும் அதற்கு இன்றும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களே.

1762-இல் அரசர் ஆண்டுக்கு 300 பவுண்டு ஓய்வூதியம் வழங்கிய பிறகே அவருடைய வறுமை நீங்கியது. 1777-இல் ஆங்கிலக் கவிஞர்களின் வரலாற்றை எழுதக் கோரிய புத்தக வணிகர்கள், கூலியை அவரே சொல்லட்டும் என விட்டனர். அவர் கேட்டது 200 கினி. ஆயிரம் கேட்டிருந்தாலும் மறுத்திருக்க மாட்டார்கள் என்று அக்காலத்தவர் கருதினர். சொற்களின் பொருளை அளந்தவருக்குத் தம் சொற்களின் விலையை அளக்க வரவில்லை. 1784-இல் மறைந்த அவரை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள்.

திறமை இருந்தால் பணம் தானே வரும் என்று இளம் எழுத்தாளர்களுக்கு அறிவுரை சொல்பவர்கள் இந்த வாழ்க்கையைப் படிக்கவேண்டும். ஜான்சனிடம் திறமைக்கோ உழைப்புக்கோ குறைவில்லை; அவரைக் காக்கும் நிபந்தனைகள்தாம் இல்லை. எட்டாவது முறை திருத்தச் சொல்லிவிட்டு, பணம் கேட்டதும் பதிலளிக்காமல் போன வாடிக்கையாளரை நானும் கண்டிருக்கிறேன். செயற்கை நுண்ணறிவைக் காட்டிச் சொல்லுக்கான விலையைக் குறைக்கச் சொல்வோரும் பெருகிவிட்டனர்.

நமக்கு ஓய்வூதியம் தர அரசர் எவரும் வரப்போவதில்லை. முன்பணம், திருத்தங்களுக்கு ஒரு வரம்பு, பணம் தரும் நாள் ஆகியவற்றை எழுத்தில் பெற்ற பிறகே வேலையைத் தொடங்கவேண்டும். பதிவு செய்துகொண்ட குறு, சிறு தொழில் நடத்துவோருக்கு 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. சேவை வழங்குவோருக்கும் அது பொருந்தும். பிறருக்காக எழுதுபவர்கள், தமக்காகவும் ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.