வளைகோல் வித்தகர் தியான் சந்த்

நுழையும்முன்

தனி மனிதரின் திறமை எத்துணைப் பெரிதாயினும் அதனைக் கண்டறியவும் வளர்த்தெடுக்கவும் ஓர் அமைப்பு வேண்டும். படைப்பிரிவிலிருந்து மாகாணத்திற்கும், மாகாணத்திலிருந்து நாட்டிற்கும் படிப்படியாக உயர்ந்த சிப்பாய் ஒருவரின் வாழ்க்கை, ஹாக்கி எனப்படும் வளைகோல் பந்தாட்டம் இந்தியாவில் ஒழுங்குபெற்ற வரலாற்றையும் சேர்த்தே சொல்கிறது.

படைவீட்டில் மலர்ந்த ஆட்டம்

தியான் சந்த், 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். தந்தை படைவீரர். பணியிட மாற்றங்கள் அடிக்கடி நிகழ்ந்தமையால் மகனின் பள்ளிக் கல்வி ஆறு ஆண்டுகளோடு நின்றது. பின்னர்க் குடும்பம் ஜான்சியில் நிலைகொண்டது. இளமையில் அவருக்கு மற்போரில்தான் நாட்டம். வளைகோலைக் கருத்தோடு கையில் எடுத்ததில்லை.

1922இல் தம் பதினேழாம் வயதில் அவர் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். அங்கே சுபேதார் மேஜர் பாலே திவாரி அவருக்கு ஆட்டத்தின் அடிப்படைகளைக் கற்பித்தார். பகலெல்லாம் படைப்பணி. எனவே, பணி முடிந்தபின் நிலவொளியில் தனித்துப் பயிற்சி செய்தார் என்றும், தியான் சிங் என்னும் பெயர் நிலவைக் குறிக்கும் 'சந்த்' சேர்ந்து தியான் சந்த் ஆயிற்று என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

அந்நாளில் படைப்பிரிவுகளுக்கிடையே நடைபெற்ற போட்டிகளே அவருக்கு முதற்படி. அவற்றில் ஒளிர்ந்தவர்களைக்கொண்டு அமைக்கப்பட்ட இந்தியப் படை அணி 1926இல் நியூசிலாந்து சென்றது. ஆடிய 21 ஆட்டங்களில் 18இல் வென்று, இரண்டைச் சமன் செய்து, ஒன்றில் மட்டுமே தோற்றது. நாடு திரும்பிய சிப்பாய்க்கு லான்ஸ் நாயக் என்னும் பதவி உயர்வு கிடைத்தது.

மாகாணங்களின் களம்

நாடெங்கும் ஆடப்பட்ட இவ்விளையாட்டிற்குப் பொதுவான தலைமையமைப்பு நெடுங்காலம் இல்லை. 1925இல் குவாலியரில் இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு தோன்றியது. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கிற்கு அணி அனுப்ப அது முடிவு செய்தது. பரந்த நாட்டில் சிறந்தவர்களை எவ்வாறு தெரிந்தெடுப்பது? அதற்கு விடையாகக் கல்கத்தாவில் மாகாணங்களுக்கிடையிலான போட்டியொன்று நடத்தப்பட்டது. ஐக்கிய மாகாணம், பஞ்சாப், வங்காளம், இராஜபுதனம், மத்திய மாகாணம் ஆகிய ஐந்து அணிகள் களமிறங்கின. இன்றைய தேசிய வாகையர் போட்டிக்கு இதுவே வித்தாயிற்று.

படைத்துறையின் இசைவு பெற்று, தியான் சந்த் ஐக்கிய மாகாணத்திற்காக ஆடினார். இறுதியாட்டத்தில் அவ்வணி இராஜபுதனத்தை 3–1 என வென்றது. முன்களத்தின் நடுவில் நின்று அவர் ஆடிய ஆட்டமும், உரிய வேளையில் பந்தைத் தோழருக்கு வழங்கிய நுட்பமும் தேர்வாளர்களைக் கவர்ந்தன. படைவேலிக்குள் அறியப்பட்டிருந்த ஒருவரை நாடு அறிந்துகொண்டது.

பயணத்திற்கான பொருளைத் திரட்டக் கூட்டமைப்பு பெரிதும் இடர்ப்பட்டது. பம்பாயில் கப்பலேறிய அணியை வழியனுப்ப வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. ஆம்ஸ்டர்டாமிலோ அவ்வணி ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் அடித்து, ஒரு கோலைக்கூட விட்டுக்கொடுக்காமல் தங்கப்பதக்கம் வென்றது. அவற்றுள் 14 கோல்கள் தியான் சந்த் அடித்தவை.

விடுப்புக் கிடைக்காத வீரர்

1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிற்கும் மாகாணப் போட்டி வழியே அணி தெரிவாயிற்று. தியான் சந்த் அப்போது வடமேற்கு எல்லையில், வசீரிஸ்தானில் பணியிலிருந்தார். கூட்டமைப்பு கேட்டுக்கொண்டும் அவருடைய படைப்பிரிவு விடுப்புத் தரவில்லை. பிறர் அனைவரும் களத்தில் தம் தகுதியை மெய்ப்பிக்க வேண்டியிருக்க, அவர் ஒருவர் மட்டும் தேர்வாட்டமின்றியே அணியில் சேர்க்கப்பட்டார். விதிக்கு விலக்குப் பெறும் அளவிற்கு அவருடைய ஆட்டம் முன்பே பேசியிருந்தது. எனினும், பணிக்கடமையும் விளையாட்டும் மோதும்போது சிப்பாயின் விருப்பம் பின்தள்ளப்படும் என்பதையும் இந்நிகழ்வு காட்டியது.

அமெரிக்க அணியை இந்தியா 24–1 என வென்ற ஆட்டத்தில் தியான் சந்த் எட்டுக் கோல்களும், அவர் தம்பி ரூப் சிங் பத்துக் கோல்களும் அடித்தனர். உலகப் புகழ் பெற்ற பின்னும் அவர் தம் ஊர்க் கழகத்தை மறக்கவில்லை. 1895இல் தொடங்கப்பெற்ற பெய்டன் கோப்பையை, 1933இல் கல்கத்தாவில் ஜான்சி ஹீரோஸ் அணியோடு வென்றார். தாம் ஆடிய ஆட்டங்களுள் அவ்விறுதியாட்டத்தையே அவர் மிகச் சிறந்ததாகக் கருதினார்.

பெர்லின் வெற்றி

1936இலும் விடுப்பு மறுக்கப்பட்டது. தேர்வாட்டமின்றியே அவர் மீண்டும் தெரிந்தெடுக்கப்பட்டார். இம்முறை அணித்தலைமையும் அவருடையது. ஒலிம்பிக் தொடங்குமுன் பெர்லினில் நடந்த பயிற்சியாட்டத்தில் ஜெர்மனி 4–1 என இந்தியாவைத் தோற்கடித்தது. அத்தோல்வி அணியை உலுக்கியது. குறையை உணர்ந்தவர்கள் தந்தி அனுப்பி, தாரா என்னும் ஆட்டக்காரரைத் தாயகத்திலிருந்து வரவழைத்தனர்.

மழையால் ஒருநாள் தள்ளிவைக்கப்பட்ட இறுதியாட்டம் ஆகஸ்ட் 15 அன்று நடைபெற்றது. எதிரணி அதே ஜெர்மனி. ஆட்டத்திற்கு முன்னர் வீரர்கள் உடைமாற்றும் அறையில் காங்கிரசின் மூவண்ணக் கொடிக்கு வணக்கம் செலுத்தினர். அரசின் கொடியின்கீழ் ஆடச் சென்றவர்களின் நெஞ்சம் எக்கொடியை நாடியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. முற்பாதியில் இந்தியா ஒரு கோல் மட்டுமே பெற்றது. பிற்பாதியில் தியான் சந்த் முள்பதித்த காலணிகளைக் கழற்றிவிட்டு ஆடினார். இந்தியா 8–1 என வென்றது.

பிற்காலமும் பெருமையும்

1952இல் அவருடைய தன்வரலாறான 'கோல்' சென்னையிலிருந்து வெளிவந்தது. 1956இல் மேஜர் நிலையில் படைப்பணியிலிருந்து ஓய்வுபெற்றார்; அவ்வாண்டே பத்மபூஷண் விருது அவரைச் சேர்ந்தது. பின்னர்ப் பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் தலைமைப் பயிற்சியாளராக இளையோரை உருவாக்கினார். அவர் மகன் அசோக் குமார், 1975இல் இந்தியா உலகக் கோப்பை வென்ற இறுதியாட்டத்தில் வெற்றிக் கோலை அடித்தார்.

1979ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் தியான் சந்த் தில்லியில் மறைந்தார். அவர் ஆடி வளர்ந்த ஜான்சித் திடலிலேயே அவருக்கு இறுதிச்சடங்கு நடைபெற்றது. அவர் பிறந்தநாள் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. நாட்டின் உயரிய விளையாட்டு விருது 2021 முதல் அவர் பெயரைத் தாங்குகிறது. படைப்பிரிவுப் போட்டி, மாகாணப் போட்டி, கழகக் கோப்பை எனப் பல படிகள் இருந்தமையால்தான் ஜான்சிச் சிப்பாயின் திறமை உலகின் கண்ணுக்குப் புலப்பட்டது. அத்தகைய படிகளை ஒவ்வோர் ஊரின் சிறுவருக்கும் சிறுமியருக்கும் எட்டும் உயரத்தில் அமைப்பதே அவருக்குச் செய்யும் உண்மையான சிறப்பாகும்.