வாழ்க்கை வரலாறு: பிலிப் பினெல் (1745 – 1826)

மாணவர்களே, பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதச் சொன்னால் உங்களுள் பெரும்பாலானோர் அதே நான்கைந்து பெயர்களையே எழுதுகிறீர்கள். இம்முறை வேறொருவரை அறிந்துகொள்வோம். வரலாற்றுப் பாடத்தில் பிரான்சியப் புரட்சியைக் கற்றிருப்பீர்கள். பதினாறாம் லூயி மன்னன் கொல்லப்பட்ட 1793ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரின் ஓர் இருண்ட வைத்தியசாலைக்குப் பொறுப்பேற்றவர்தான் பிலிப் பினெல்.

பினெல் 1745 ஏப்ரல் 20ஆம் திகதி தென் பிரான்சில் பிறந்தார். தந்தையார் சத்திரசிகிச்சை செய்பவர். முதலில் குருவாவதற்கென இறையியல் கற்ற பினெல், பின்னர் மனம் மாறி மருத்துவம் பயின்று 1773இல் துலூஸ் நகரிற் பட்டம் பெற்றார். 1778இல் பாரிசுக்கு வந்தபோது வெளியூர்ப் பட்டம் என்ற காரணத்தால் அங்கு வைத்தியம் செய்ய அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. கணிதம் கற்பித்தும் மருத்துவ நூல்களை மொழிபெயர்த்துமே காலத்தை ஓட்டினார். (பட்டம் பெற்றும் ரியூசன் கொடுத்துப் பிழைத்தவர், எனக்கு அவர்மீது தனிப் பரிவு உண்டு.) இக்காலத்தில் நண்பர் ஒருவர் மனநோயுற்று இறந்தது அவரை உலுக்கியது. அன்று தொட்டு மனநோயை ஆராய்வதே அவருடைய நோக்கமாயிற்று.

1793இல் பினெல் பிசேத்ர் வைத்தியசாலையின் வைத்தியராக நியமிக்கப்பட்டார். வைத்தியசாலை என்றதும் இன்றைய வாட்டுகளை நினைத்துவிடாதீர்கள். குற்றவாளிகள், ஏழை முதியோர், பலவகை நோயாளர் என ஏறத்தாழ 4000 ஆண்கள் அங்கு அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 200 பேர் மனநோயாளர். அவர்களிற் பலர் இரும்புச் சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தனர். புத்தி பேதலித்தவன் விலங்குக்குச் சமன், அவனை அடக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்பதே அக்காலத்துப் பொதுவான எண்ணம். இரத்தம் வெளியேற்றுவதும் குளிர்நீரில் அமிழ்த்துவதும் சிகிச்சை எனப்பட்டன.

அங்கே பினெல் ஒருவரைச் சந்தித்தார். அவர் பெயர் ஜான் பப்டிஸ்ட் புசான். இவர் வைத்தியர் அல்லர். தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற பிசேத்ருக்கு வந்து, குணமடைந்தபின் அங்கேயே வேலைக்கு அமர்ந்து, மனநோயாளர் பிரிவின் மேற்பார்வையாளராக உயர்ந்தவர். நோயாளரை அடிக்கக்கூடாது எனப் பணியாளருக்குக் கட்டளையிட்டிருந்தார். குணமடைந்த நோயாளரையே பணியாளராகச் சேர்த்துக்கொண்டார். தாம் பட்டதைப் பிறருக்குச் செய்யமாட்டார்கள் என்பதை இவரைவிட நன்கு அறிந்தவர் யார்? படித்த பினெல், படிக்காத புசானைப் பார்த்துக் கற்றார். நோயாளருடன் நாள்தோறும் உரையாடினார். அவர்களின் வரலாற்றைக் குறித்துக்கொண்டார். மனநோயாளரிடமும் அறிவின் ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது, அன்பாலும் உறுதியாலும் அதனை எட்டலாம் என்ற முடிவுக்கு வந்தார். 1801இல் வெளிவந்த அவரது நூல் இதனையே விளக்குகின்றது.

இங்கே கவனமாயிருங்கள். 1793இல் பினெல் ஒரே நாளிற் சங்கிலிகளை அறுத்தெறிந்தார் எனப் பல நூல்கள் எழுதுகின்றன. அது பிழை. பினெல் 1795இல் பெண்களுக்கான சல்பெத்ரியேர் வைத்தியசாலைக்கு மாற்றலாகிச் சென்றுவிட்டார். பிசேத்ரில் 1797இல் சங்கிலிகளை நீக்கியவர் புசானே. பினெல் தமது நூலில் புசானின் பங்கை மறைக்கவில்லை. 1802இல் அவரைச் சல்பெத்ரியேருக்கும் அழைத்துக்கொண்டார். பின்வந்த அவரது மகனும் மாணவர் எஸ்கிரோலுமே கதையை மாற்றினர். 1849இலும் 1876இலும் தீட்டப்பட்ட இரு பெரிய ஓவியங்கள் அக்கதையை உலகெங்கும் பரப்பின.

இன்னொன்றையும் அறிந்திருத்தல் வேண்டும். சங்கிலி போன இடத்துக்குக் கட்டுச்சட்டை வந்தது. நீண்ட கைகளையுடைய தடித்த துணிச் சட்டை அது. கைநுனிகளை முதுகுப்புறம் இழுத்துக் கட்டினால் நோயாளியால் கைகளை அசைக்க முடியாது. தோலை அறுக்கும் இரும்பை விட இது மேல் என்பதே பினெலின் கணிப்பு. தேவையானபோது குறுகிய நேரத்துக்கு மட்டும் கட்டவேண்டும் என்றார். ஆனால் கட்டு கட்டுத்தானே? நோயாளியைக் கட்டவே கூடாது என்னும் நிலைக்கு அவர் வரவில்லை. இதனைக் குறையென எழுதினாலும் தவறில்லை.

1822இல் அரசு மருத்துவ பீடத்தை மூடியபோது பினெல் பேராசிரியர் பதவியை இழந்தார். 1826 ஒக்டோபர் 25ஆம் திகதி பாரிசிற் காலமானார்.

அவர் இறந்து மூன்று ஆண்டுகளின் பின், 1829இல், இங்கிலாந்தின் லிங்கன் நகர மனநோயாளர் இல்லத்திற் கட்டுச்சட்டையுடன் இரவு முழுவதும் கட்டிலிற் கட்டப்பட்டிருந்த ஒருவர் மூச்சுத்திணறி இறந்தார். அதன்பின் அவ்வில்லம் கட்டுகளைப் படிப்படியாகக் குறைத்தது. அங்கு பணியாற்றிய றொபேட் கார்டினர் ஹில் 1838 அளவில் அவற்றை முற்றாக ஒழித்தார். மறு ஆண்டில் ஏறத்தாழ 800 நோயாளர் இருந்த லண்டனுக்கருகிலுள்ள ஹான்வெல் இல்லத்தில் ஜோன் கொனொலி அதனையே செய்தார். கட்டுக்குப் பதிலாக அங்கு கூடுதலான பணியாளர் தேவைப்பட்டனர். கொந்தளிப்போரைச் சிறிது நேரம் தனியே வைத்திருக்க மெத்தை பதித்த அறைகளும் பயன்படுத்தப்பட்டன.