மூதாதையாக மட்டும் ஏற்கப்பட்டவர்

1607-இல் ஆங்கிலேயர் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் குடியேறியபோது, அம்மண்ணின் பழங்குடித் தலைவர் போவாட்டனின் மகள் போகஹாண்டஸ் சிறுமி. 1613-இல் அவரைக் கடத்திப் பணயமாக வைத்தனர். சிறையிருப்பிலேயே கிறித்தவரானார், மறு ஆண்டு புகையிலை பயிரிட்ட ஜான் ரால்ஃபை மணந்தார். அதைக் காதல் காவியமாக்கியது பிற்காலத்தவரின் ஆசை. 1616-இல் குடியேற்றத்துக்கு ஆதரவு திரட்ட லண்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். ஊர் திரும்பும் வழியில், 1617 மார்ச்சில், கிரேவ்சென்டில் மறைந்தார். வயது இருபதைச் சற்றே கடந்திருக்கும்.

மகன் தாமஸின் வழிவந்தோர் வர்ஜீனியாவின் மேட்டுக்குடியினராயினர். முதல் குடியேறிகளின் வாரிசுகளுக்கென 1912-இல் ஒரு சங்கமும் எழுந்தது. 1924-இல் அம்மாநிலம் இனத்தூய்மைச் சட்டம் இயற்றியபோது, பதினாறில் ஒரு பங்குவரை பழங்குடி இரத்தம் உடையோரையும் வெள்ளையராகவே கொண்டது. போகஹாண்டஸை மூதாதையென்று பெருமை பேசிய குடும்பங்களுக்காகவே அந்த விலக்கு. அவருடைய சொந்த இனத்தாரோ, அதே சட்டத்தின் பெயரால், ஆவணங்களில் பழங்குடியினர் என்ற அடையாளத்தையே இழந்தனர்.