சாவியைத் திருப்பிக் கொடுத்த சிறுவன்



இந்த ஜூபிலி மலரில் நம் வாலிபப் பிள்ளைகளைக் குறித்து ஒரு கட்டுரை வேண்டுமென விழாக் குழுவினர் கேட்டனர். அறிவுரைகளை அடுக்கினால் வாலிபர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பெற்றோர் மட்டும் வாசித்துத் தலையாட்டுவார்கள். ஆகவே ஒருவருடைய வாழ்வைச் சொல்லுகிறேன். புனித ஜான் போஸ்கோ இளைஞரின் நண்பர் என்பது நம் மறைக்கல்விப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் நாணயமுள்ள பிள்ளைகளை அவர் எவ்விதம் உருவாக்கினார், அவரையே யார் உருவாக்கினார் என்பதைப் பலர் கேட்டிருக்கமாட்டார்கள்.

இத்தாலியின் வடபகுதியில், தூரின் நகருக்குச் சற்றுத் தொலைவிலுள்ள பெக்கி என்னும் சிற்றூரில் 1815 ஆகஸ்ட் 16ஆம் நாள் ஜான் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தகப்பனார் இறந்தார். தாயார் மார்கரீத்தாள் எழுதப் படிக்கத் தெரியாத ஏழை விவசாயப் பெண். மூத்தாள் மகன் அந்தோனியோ, தன் பிள்ளைகள் யோசேப்பு, ஜான், இவர்களோடு கணவரின் வயோதிகத் தாய் என அத்தனை பேரையும் அந்த அம்மாள் கஞ்சி ஊற்றிக் காத்தாள்.

வீட்டு மூலையில் ஒரு பிரம்பு சாத்தியிருக்கும். அதை அவள் எடுத்ததேயில்லை என்பர். ஒருநாள் அம்மா சந்தைக்குப் போயிருந்த வேளையில் ஜான் எண்ணெய்ச் சாடியைக் கீழே தள்ளி உடைத்துவிட்டான். அந்தக் காலத்தில் எண்ணெய் ஏழை வீட்டுக்குப் பெரிய நஷ்டம். சிறுவன் வேலியில் ஒரு குச்சியை வெட்டி, தோலை அழகாகச் சீவிப் பூவேலை செய்து, அம்மா வரும் வழியில் எதிரே சென்று, நடந்ததைச் சொல்லி அந்தக் குச்சியையும் நீட்டினான். அவள் சிரித்துவிட்டாள். உண்மை சொன்னால் அடி விழாது என்று தெரிந்த வீட்டில்தான் பிள்ளை உண்மை சொல்லும். அடிக்குப் பயந்த வீட்டில் சாடியைப் பூனை உடைத்திருக்கும்.

ஜான் படிக்க ஆசைப்பட்டான். அந்தோனியோவுக்கு அது பிடிக்கவில்லை. மண்வெட்டி பிடிக்கவேண்டிய கைக்குப் புத்தகம் எதற்கு என்பது அவன் வாதம். வீட்டில் சண்டை முற்றியதால், 1828இல் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தாயே வேறொரு பண்ணைக்கு வேலைக்கு அனுப்பவேண்டியதாயிற்று. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மாடு மேய்த்துக் கூலிவேலை செய்தான்.

1829ஆம் ஆண்டின் கடைசியில் முதியவரான கலோசோ சுவாமியார் அவனைக் கண்டார். வழியில் நடந்துகொண்டே, கோவிலில் கேட்ட பிரசங்கத்தைச் சிறுவன் வரிசை பிசகாமல் ஒப்பித்ததைக் கேட்டு அதிசயித்து, தம் வீட்டிலேயே லத்தீன் கற்பித்தார். தகப்பனில்லாத பிள்ளைக்குத் தகப்பன் கிடைத்தார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1830 நவம்பரில் முதியவர் பக்கவாதத்தால் வாயடைத்துக் கிடந்தார். பேச முடியாத நிலையில் பணப்பெட்டியின் சாவியை ஜானிடம் கொடுத்து, யாரிடமும் கொடுக்காதே என்று சைகையால் உணர்த்திவிட்டு இறந்தார். பெட்டியில் ஆறாயிரம் லீரா இருந்ததாக வரலாறு எழுதியோர் கூறுவர். அவன் குருமடப் படிப்பு முழுவதற்கும் அது போதும். அப்போது அவனுக்கு வயது பதினைந்து. உறவினர் வந்து சேர்ந்தனர். எழுத்துமூலம் ஒன்றுமில்லை, சைகைக்குச் சாட்சி சொன்னாலும் சச்சரவு மிஞ்சும். ஜான் சாவியை அவர்களிடமே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினான்.

அடுத்துவந்த ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கியேரி என்னும் ஊரில் படித்தான். தையல், கொல்லுவேலை என்று கிடைத்த வேலைகளைக் கற்றான். காப்பிக் கடையில் வேலை செய்து படிக்கட்டுக்கு அடியில் படுத்தான். நம் ஊர் ஆடித்தபசுக் கூட்டத்தில் வித்தை காட்டுவோரைப் போலக் கயிற்றின்மேல் நடக்கவும் தெரியும்; அதைக் காட்டித்தான் சிறுவரைச் செபத்துக்குக் கூட்டினான். 1841 ஜூன் 5ஆம் நாள் குருவானார்.

தூரின் நகரச் சிறைகளுக்கு கபாசோ சுவாமியார் அவரை அழைத்துச் சென்றார். மீசை முளைக்காத பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக அடைபட்டுக் கிடந்தனர். விடுதலையான சிலர் சில நாளிலேயே மீண்டும் உள்ளே வந்தனர். வெளியில் அவர்களை நம்பி வேலை கொடுக்கவோ, விசாரிக்கவோ ஓர் ஆள் இல்லை. இதுவே காரணம் என்று அவர் கண்டுகொண்டார். அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள், பூசைக்கு உதவத் தெரியாததற்காகக் கோவில் ஊழியரால் அடித்து விரட்டப்பட்ட கரெல்லி என்னும் கொத்தனார் பையனைத் திரும்ப அழைத்து, தம் நண்பன் என்று சொல்லிப் பக்கத்தில் உட்காரவைத்தார். அந்த ஒருவனிலிருந்து நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தனர். இடம் இடமாக விரட்டப்பட்டு, 1846இல் வல்தோக்கோ பகுதியில் ஒரு கொட்டகையில் நிலைபெற்றார். அவ்வாண்டு நவம்பரில் தாய் மார்கரீத்தாளும் வந்து சேர்ந்து அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் அம்மாவானாள்.

இனி வருவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. வீடற்ற சில வாலிபரை அவர் ஓர் இரவு வைக்கோல் பரணில் படுக்கவைத்துப் போர்வைகளும் கொடுத்தார். விடிந்து பார்த்தால் ஆட்களும் இல்லை, போர்வைகளும் இல்லை. நம்மில் யாராயினும் அன்றோடு கதவைச் சாத்தியிருப்போம். 1847 மே மாதத்தில், கொட்டும் மழையில் நனைந்து வேறொரு பையன் வந்து நின்றான். அநாதை, கையிலிருந்த மூன்று லீராவும் செலவாகிவிட்டது. தாயும் மகனும் அவனை ஏற்றுக்கொண்டு, சமையலறையில் செங்கல் அடுக்கிப் பலகை போட்டுப் படுக்கை செய்தனர். அம்மாள் உழைப்பு, நாணயம், தெய்வபக்தி பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு, சட்டி பானை போய்விடுமோ என்று கதவைப் பூட்டவும் செய்தாள்! பிள்ளையை நம்புவதென்றால் கண்ணை மூடிக்கொள்வதென்று நினைப்பவர்கள் இந்தப் பூட்டைக் கவனிக்கவேண்டும். இரவில் சொன்ன அந்த நாலு வார்த்தை சலேசிய இல்லங்களில் இன்றும் வழக்கமாயிருக்கிறது.

வேலைக்குப் போன பிள்ளைகளை அவர் தெருவில் விட்டுவிடவில்லை. பட்டறைகளுக்குச் சென்று பார்த்தார். 1852 பிப்ரவரியில் தச்சுவேலை கற்கும் ஒரு பையனுக்காக முத்திரைத்தாளில் எழுதப்பட்ட ஒப்பந்தம் இருக்கிறது. ஆசாரி இரண்டு ஆண்டுக்குள் தொழிலைச் சொல்லித்தர வேண்டும். வார்த்தையால் திருத்தலாம், கைநீட்டக்கூடாது. தொழிலுக்குச் சம்பந்தமில்லாத எடுபிடி வேலை கூடாது. ஞாயிறும் திருநாளும் விடுமுறை. பையனும் பணிவோடும் கவனத்தோடும் உழைப்பதாக வாக்குக் கொடுத்தான். அநாதைப் பையனின் சொல்லுக்கும் ஒரு காகிதத்தில் மதிப்புண்டு என்று அவனே கண்டான். நம் ஊர் விசைத்தறிக்கும் சிவகாசிக்கும் திருப்பூருக்கும் போகும் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி ஒரு காகிதம் உண்டு?

1854இல் தூரினில் காலரா பரவியபோது அவருடைய பிள்ளைகளில் 44 பேர் நோயாளிகளைத் தூக்கவும் துடைக்கவும் முன்வந்தனர். பெற்றவர்களே அஞ்சி ஓடிய வீடுகளுக்குள் இவர்கள் நுழைந்தனர். ஒருவருக்கும் நோய் தொற்றவில்லை.

அடுத்த ஆண்டு நடந்ததாக அவரது வரலாற்று நூல்கள் சொல்வது இன்னும் வியப்பு. சிறுவர் சிறையில் தியானம் கொடுத்தபின், அங்கிருந்த ஏறத்தாழ 300 பேரையும் ஒருநாள் உலாவ அழைத்துச் செல்ல அமைச்சர் ரத்தாசியிடம் அனுமதி கேட்டார். காவலர் ஒருவரும் கூடவரக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை. ஸ்துப்பினீஜி வரை நடந்து, உண்டு, விளையாடினர். திரும்பும்போது களைத்துப்போன குருவை, உணவு சுமந்துவந்த கழுதைமேல் ஏற்றி அவர்களே நடத்திவந்தனர். மாலையில் தலை எண்ணியபோது ஒருவரும் குறையவில்லை.

1859இல் சலேசிய சபையைத் தொடங்கி, 1888 ஜனவரி 31ஆம் நாள் இறந்த அவர், 1934இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய சபையினர் 1906இல் நம் தமிழகத்துத் தஞ்சாவூருக்கு வந்துசேர்ந்தனர்.

நம் பங்கைப் பற்றி ஒரு செய்தி. இந்த ஜூபிலி அசன விருந்தின் கணக்கு நோட்டும் உண்டியல் பெட்டிச் சாவியும் இம்முறை இளையோர் குழுவினரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. பெரியவர்கள் சிலருக்குத் தயக்கமுண்டு என்பதை அறிவேன். ஞாயிறுதோறும் மாலைச் செபமாலைக்குப் பின் அவர்களே கணக்கை வாசிப்பார்கள். தயங்குபவர்கள் முன்வரிசையில் வந்து உட்காரலாம்.