காலிறுதி கண்ட முதல் இந்தியர் கௌஸ் முகமது

வென்றாரைப் போற்றுதல் உலகியற்கை. தோற்றாரின் வரலாற்றைத் தேடிப் படிப்போர் சிலரே. ஆயினும், தோல்விக்கு முன் ஒருவர் ஏறி வந்த படிகளை எண்ணிப் பார்த்தால், சில தோல்விகள் வெற்றிக்கு நிகராக நிற்பதைக் காணலாம். வரிப்பந்தாட்டம் எனப்படும் டென்னிஸில் புகழ் பெற்ற கௌஸ் முகமது அவர்களின் வாழ்வு அத்தகையது. பட்டு நெய்யும் ஆரணியில் தமிழ் பயிற்றும் நாம் அதனை இம்மலரில் எழுத முன்வந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனை இறுதியில் உரைப்போம்.

பிறந்த ஊர்

லக்னோ நகருக்கு அருகில் உள்ளது மலிஹாபாத். தசேரி மாம்பழத்தால் பெயர் பெற்ற ஊர் அது. உருதுக் கவிஞர் ஜோஷ் மலிஹாபாதியைத் தந்ததும் அவ்வூரே. அங்கு 1915ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் கௌஸ் முகமது கான் பிறந்தார். அக்காலத்தில் டென்னிஸ், ஆங்கிலேய அதிகாரிகளும் செல்வரும் கூடிய மன்றங்களின் ஆட்டமாகவே பெரிதும் விளங்கியது. அந்த ஆட்டத்தைத் தம்முடையதாக்கிக்கொண்டு, நாட்டின் முன்னணி ஆட்டக்காரர்களுள் ஒருவராக அவர் உயர்ந்தார்.

விம்பிள்டன் களம்

இலண்டன் மாநகரில் 1877இல் தொடங்கிய விம்பிள்டன் போட்டி, டென்னிஸ் உலகின் மிகப் பழமையான போட்டியாகும். அது புல்தரையில் ஆடப்பெறுவது. புல்தரையில் விழுந்த பந்து உயர எழுவதில்லை. வழுக்கிக்கொண்டு விரைந்து தாழ்வாகவே வரும். ஆகவே நொடிப்பொழுதில் குனிந்து எடுக்கும் கூர்மை ஆட்டக்காரருக்கு இன்றியமையாதது. மட்டை மரத்தாலானது, பந்து வெண்ணிறமுடையது. தொழில்முறை ஆட்டக்காரர்க்கு அக்களத்தில் அந்நாளில் இடமில்லை. பரிசுப் பணம் 1968இல்தான் வந்தது. வெற்றி பெற்றாலும் கைக்குப் பொருள் கிட்டாது. பெயர் ஒன்றே கிட்டும்.

1939ஆம் ஆண்டுப் போட்டி ஜூன் இறுதியில் தொடங்கி ஜூலை 8ஆம் நாள் நிறைவுற்றது. ஆடவர் ஒற்றையர் பிரிவில் 128 இடங்கள். அவருக்கு முன்பும் இந்தியர் சிலர் அக்களத்தில் ஆடியதுண்டு. எனினும், எஞ்சி நிற்கும் எண்மருள் ஒருவராக எவரும் நின்றதில்லை. 23 வயது இளைஞரான கௌஸ் முகமது நான்கு சுற்றுகளைக் கடந்து காலிறுதியை எட்டினார். ஒற்றையர் ஆட்டத்தில் அந்நிலையை எட்டிய முதல் இந்தியர் அவரே. நாடு அடிமைப்பட்டிருந்த காலத்தில், ஆள்வோரின் தலைநகரில், அவர்கள் வகுத்த ஆட்டத்தில் நிகழ்ந்த அருஞ்செயல் இது என்பதை நாம் மறத்தலாகாது.

காலிறுதியில் அவரை எதிர்கொண்டவர் அமெரிக்கரான பாபி ரிக்ஸ். ஒவ்வொரு செட்டிலும் 6-2 என்னும் கணக்கில் ரிக்ஸ் வென்றார். அந்த ரிக்ஸ்தான் அவ்வாண்டு ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் ஆகிய மூன்று பட்டங்களையும் ஒருசேர வென்றவர். கௌஸ் முகமது தோற்றது அத்தகைய வீரரிடம்.

போர் மூடிய வாயில்

அடுத்த ஆண்டு மீண்டும் முயன்றிருக்கலாமே என்று நாம் எண்ணலாம். ஆனால் போட்டி முடிந்து இரண்டு திங்கள் நிறைவதற்குள் இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940 முதல் 1945 வரை விம்பிள்டன் போட்டி நடைபெறவேயில்லை. 1940 அக்டோபரில் அதன் நடுவண் அரங்கின் மீதே குண்டு விழுந்தது. 1946இல் வாயில் மீண்டும் திறந்தபொழுது கௌஸ் முகமதுவுக்கு வயது முப்பது. ஓர் ஆட்டக்காரரின் செழும்பருவம் முழுவதையும் போர் விழுங்கிவிட்டது. அவ்வுயரம் அவருக்கு மீண்டும் வாய்க்கவில்லை. 1982இல் அவர் மறைந்தார்.

தொடர்ந்து வந்தோர்

எனினும் அவர் ஏறிய படி வீணாகவில்லை. தமிழகத்தின் இராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் அரையிறுதி வரை சென்றார். சென்னையின் விஜய் அமிர்தராஜ் 1973, 1981 ஆம் ஆண்டுகளிலும், கிருஷ்ணனின் மைந்தர் இரமேஷ் 1986இலும் காலிறுதி கண்டனர். இவர்களை அறிந்த நம்மவர் பலர், இவர்களுக்கு முன்னவரை அறியார். அக்குறையைப் போக்குதல் நம் கடமை.

நிறைவாக

தொடக்கத்தில் குறித்த காரணத்திற்கு வருவோம். நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், அவர் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல்வர், தேர்வில் இரு தாள்களில் தவறிவிட்டு வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அவர் இல்லம் சென்றோம். அவர்தம் தந்தையார் தறியில் அமர்ந்து, தீர்ந்துபோன பாவின் நுனிகளில் புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டிருந்தார். படிப்பு தனக்கு வராது என்றும், தோற்றவன் மீண்டும் வருவதில் பயனில்லை என்றும் மாணவர் தலைகுனிந்து கூறினார். நாம் கௌஸ் முகமதுவின் கதையைக் கூறினோம். மகனுக்குமுன் தந்தையாரே அதன் பொருளை உணர்ந்தார். பழைய பாவின் நுனி இல்லையேல் புதிய பாவைப் பிணைப்பது எங்ஙனம் என்று கேட்டு, மகனை நோக்கினார். மறுவாரம் அம்மாணவர் வகுப்பில் அமர்ந்திருந்தார்.

நம் கல்லூரிகளில் பயில்வோருள் பலர் தத்தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். முதல்வராய்ச் செல்வோர் முடிவுவரை செல்ல இயலாமற் போகலாம். ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற நுனியில்தான் பின்வருவோர் தம் இழையைப் பிணைக்கின்றனர். கௌஸ் முகமதுவின் வாழ்வு மாணவச் செல்வங்களுக்கு உணர்த்தும் பாடம் இதுவே.